புதுப் பம்பு, பழைய கைப்பழக்கம்

கேள்வி: வயது 52. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். 15 வருடமாக இளைப்பு (ஆஸ்துமா). அழுத்தி அடிக்கும் பம்பில் நன்றாகத்தான் இருந்தேன். 2 மாதத்துக்கு முன் கிளினிக்கில் அதை மாற்றி, அடியில் திருகும் டர்புஹேலர் கொடுத்தார்கள். இழுத்தால் வாயில் ஒன்றுமே தெரியவில்லை. ராத்திரி இருமல். வாரத்தில் 4 நாள், மூச்சு முட்டும்போது உடனே அடிக்கும் நீலப் பம்பு தேவைப்படுகிறது. பழையதையே கேட்டு வாங்கலாமா, டாக்டர்?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எனக்கு மருந்தின் மேல் சந்தேகம் இல்லை, உங்கள் 15 வருடப் பழக்கத்தின் மேல்தான்.

பழைய பம்பில் மருந்தை உள்ளிருக்கும் வாயு தள்ளிவிடும். அழுத்தியபடி 4, 5 விநாடி மெதுவாக இழுத்தால் போதும். டர்புஹேலரில் தள்ளிவிட எதுவும் இல்லை. உள்ளே இருப்பது பொடி. உங்கள் மூச்சுதான் அதைக் கிளப்பவேண்டும். எடுத்த எடுப்பிலேயே பலமாக, வேகமாக, நெஞ்சு நிறைய இழுக்கவேண்டும். பழைய மாதிரி மெதுவாக உறிஞ்சினால் பொடி தொண்டையோடு நின்றுவிடும்.

நிமிர்த்திப் பிடித்து, அடிப்பாகத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருகித் திரும்பக் கொண்டுவந்தால் 'டக்' என்று கேட்கும். டர்புஹேலருக்குள் ஊதாதீர்கள், தண்ணீரில் கழுவாதீர்கள். ஈரம் பட்டால் பொடி கட்டிப்போகும். ருசி தெரியாதது சகஜம், அளவு அவ்வளவு குறைவு. அப்புறம், குலுக்கினால் கலகலவென்று கேட்பது மருந்து இல்லை, ஈரம் உறிஞ்சும் சரக்கு. மருந்து தீர்ந்த பிறகும் அது கலகலக்கும். சத்தத்தை நம்பிக் காலி டர்புஹேலரை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்துச் சின்னக் கட்டத்தில் 0 வந்துவிட்டதா என்று பாருங்கள். இழுத்து முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள்.

உங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நீலப் பம்பு அநேகமாகப் பழைய வகைதான்: அதைக் குலுக்கி, மெதுவாக இழுக்கவேண்டும். ஒரே கைப்பைக்குள் இரண்டு சட்டம். யாருக்கும் குழம்பும். இரண்டையும் ஒரே வகையாகத் தரமுடியுமா என்று கேளுங்கள். பலமாக இழுக்க வரவில்லை என்றால், பழைய பம்போடு ஸ்பேசர் (பம்பில் மாட்டி இழுக்கும் குழாய்) சேர்த்துத் தருவார்கள். அதுவரை டர்புஹேலரை நீங்களாக நிறுத்தவேண்டாம்.

ராத்திரி இருமலும் வாரம் 4 நாள் நீலப் பம்பும் இளைப்பு கட்டுக்குள் இல்லை என்பதற்கு அடையாளம். ஒரு வாக்கியம் பேசி முடிக்கமுடியாமல் மூச்சு முட்டினாலோ, நீலப் பம்புக்கும் அடங்காவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 999. அப்படி இல்லையென்றாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திராமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். இரண்டு பம்பையும் கையோடு கொண்டுபோய், பார்மசிஸ்ட் முன்னால் இழுத்துக் காட்டுங்கள்.