பட்டறையில் கேட்ட கேள்விகள்

சிறிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றில் படித்து, அங்கேயே பட்டறையில் வேலை பார்க்கிறேன். மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: மொத்தமே சில நூறு பேர்தான் படிக்கிறோம். பெரிய இடத்தில் சேராதது தப்போ?

பதில்: பெரிய இடத்தில் இயந்திரமும் அதிகம், வரிசையும் நீளம். இங்கே லேத் (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) இரண்டோ மூன்றோதான், ஆனால் சீக்கிரமே கை வைத்துவிடலாம். விருப்பப் பாடங்கள் குறைவு என்பது நிஜமான குறை, அதை மறைக்க மாட்டேன்.

கேள்வி: லேத்தில் கையுறை போட்டால் ஏன் கழற்றச் சொல்கிறார்கள்? பாதுகாப்புக்குத்தானே போடுகிறோம்?

பதில்: சுழலும் பாகத்தில் கையுறை சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். மோதிரம், தொளதொள சட்டைக்கை எல்லாம் அதே கதைதான். கண்ணாடி கட்டாயம். அப்புறம், சக் சாவியை (வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) செருகியபடியே மோட்டாரைப் போடாதீர்கள், பறந்து வரும்.

கேள்வி: எம்6 (6 மி.மீ. திருகுக்கான) மரை வெட்டும்போது டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) உடைந்துவிட்டது. எங்கே தப்பு?

பதில்: துளை எவ்வளவு போட்டீர்கள்? சாதாரண எம்6-க்கு மரை இடைவெளி 1 மி.மீ. ஆறில் ஒன்று போக, 5 மி.மீ. துளை. அதைவிடச் சிறிதாகப் போட்டால் டேப் இறுகிக்கொள்ளும். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சீவல் ஒடிவது விரலில் தெரியும், தெரியாவிட்டால் நிறுத்துங்கள். முதலாண்டில் நானும் ஓர் அலுமினியத் தகட்டில் டேப்பை உடைத்தேன். அதைத் துளைத்து எடுத்துவிடலாம் என்று பார்த்தால், கடினமான எஃகு, டிரில் பிட்தான் மழுங்கியது. பட்டறை அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. இன்னொரு தகட்டை நீட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

கேள்வி: சால்டர் (மின் இணைப்புகளை ஒட்ட உருக்கும் உலோகம்) உருண்டையாக நிற்கிறது, ஒட்டமாட்டேன் என்கிறது.

பதில்: சால்டரிங் அயர்ன் முனையில் சால்டரை உருக்கி மேலே தடவுகிறீர்கள், சரியா? பேடையும் (சர்க்யூட் பலகையில் உள்ள செம்புத் திட்டு) கம்பியையும் ஒன்றாகச் சூடாக்கி, சால்டரை அந்த இணைப்பில் தொடுங்கள். 63/37 ஈயச் சால்டர் (63% வெள்ளீயம், 37% ஈயம்) 183 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். பேட் ஆறிக் கிடந்தால் சால்டர் உருகினாலும் ஒட்டாது.

கேள்வி: பந்தயக் கார் அணியில் சேர ஆசை. வெல்டிங் தெரியாது.

பதில்: பரவாயில்லை. அமெரிக்காவில் தொடங்கிய, மாணவர்களே பந்தயக் கார் கட்டிப் போட்டியிடும் ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில் கார் ஓடுவதற்கு மட்டுமல்ல, செலவுக் கணக்குக்கும் வடிவமைப்பு விளக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு. கணக்கில் ஆரம்பியுங்கள். சின்ன அணியில் ஆள் பற்றாது, ஒரு மாதத்தில் எப்படியும் கையில் ஸ்பேனர் வந்துவிடும். தேர்வு வாரத்தில் மட்டும் பட்டறைப் பக்கம் வராதீர்கள்; நானே துரத்துவேன்.