2.6 மீட்டர் யாருக்கான அளவு?

பொள்ளாச்சி வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் பழைய பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. பின்னால் இரண்டடி நீட்டி, மேலே கூண்டு கட்டி, நடமாடும் உணவகமாக்க ஆசை. அகலம் 2.6 மீட்டரையும் உயரம் 4 மீட்டரையும் தாண்டாமல் கட்டினால் சட்டச் சிக்கல் வராது என்கிறார் பட்டறைக்காரர். நம்பலாமா?"

எண்களில் பிழையில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 93-ஆவது விதியும், அதற்கு 2020-இல் வந்த திருத்தமும் சரக்கு வண்டிகளுக்கு வகுத்த உச்ச அளவுகள்தான் அவை. ஆனால் ஒரு மாடலை வடிவமைக்கிற கம்பெனிக்குத்தான் அந்த எல்லை. அதற்குள் எந்த அளவில் செய்து ஒப்புதல் வாங்கினார்களோ, அதுதான் உங்கள் வண்டியின் அளவு. வாங்கியவரைக் கட்டுப்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்துக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் முரண் வரும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்), பாடி வகை, காலி எடை எல்லாம் அந்த விவரங்களில் சேர்த்தி. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

பட்டறைக்காரர் சொல்லாமல் விட்ட அளவு ஒன்று உண்டு: பின்பக்க ஓவர்ஹேங். இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) வண்டியில் பின் ஆக்சிலின் மையத்திலிருந்து வண்டியின் கடைசி முனை வரை உள்ள நீளம் அது. வீல்பேஸில் 60 சதவீதத்தை அது தாண்டக் கூடாது. வீல்பேஸ் 2.5 மீட்டர் என்றால் ஓவர்ஹேங் 1.5 மீட்டரோடு நிற்க வேண்டும். இப்போதே அது 1.2 மீட்டர் இருந்தால் மிச்சம் ஓரடிதான், நீங்கள் கேட்பதோ இரண்டடி. இதைக் காகிதக் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர் எல்லாம் பின் ஆக்சிலைத் தாண்டித் தொங்கினால் முன் சக்கரத்தின் மீதான பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் போய்விடும். இடப்பக்கம் திரும்பும்போது நீண்ட வால் வலப்பக்கம் வீசி, ஒட்டி வரும் பைக்காரரைத் தட்டும். சேசிஸை (அடிச்சட்டத்தை) வெட்டி வீல்பேஸையே நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறைப் பக்கமே போகாதீர்கள்.

அகலம் அளக்கும்போது கண்ணாடிகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பரிமாறும் பலகை, வெயில் மறைப்பு போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. ஓடும்போது அவை மடங்கிப் பாடியோடு ஒட்டியிருக்க வேண்டும். அடுப்பு, பாத்திரங்களைச் சரக்காக ஏற்றிப் போகிறேன் என்றாலும் பாடிக்கு வெளியே எதுவும் நீட்டக் கூடாது. பாரம் பக்கவாட்டில் நீட்டியிருந்தால் அபராதம் 20,000 ரூபாய்.

முழு வண்டியையும் நானே செய்துகொள்கிறேன் என்று கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் அது நடைமுறையில் மூடிய கதவு. அதே விதிகளில் 126-ஆவது விதிப்படி மாதிரி வண்டியைப் புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. (வாகன ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் சோதித்துச் சான்று வாங்க வேண்டும். சென்னைக்கருகே ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்ற அதுபோன்ற சோதனை மையம் இருக்கிறது. ஒற்றை வண்டிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒருவர் பழைய இரும்பில் குட்டி ஜீப் செய்து 2021-இல் நாடே பேசியது. அதிகாரிகள் எப்படியும் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லித்தான் மகிந்திரா குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திரா அதற்குப் பதிலாக ஒரு பொலேரோ தர முன்வந்தார்.

ஆகவே நீட்டும் யோசனையை விடுங்கள். இருக்கிற நீள அகலத்துக்குள் மூடிய பாடி வேண்டுமென்றால், வெல்டிங் தொடங்கும் முன்பே வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வேலை முடிந்த 14 நாளுக்குள் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைத் திருத்த வேண்டும். தவணை பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் தொடாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள். இரண்டடி கூடுதல் இடம் இல்லாமல் தொழில் ஓடாது என்றால், இந்த வண்டியை விற்றுவிட்டு நீண்ட வீல்பேஸ் உள்ள கேபின் சேசிஸ் (ஓட்டுநர் கேபின் மட்டும் உள்ள, பின்பாடி கட்டாத வண்டி) எடுத்து, நாமக்கல் அல்லது திருச்செங்கோட்டில் அங்கீகாரம் உள்ள பாடி பில்டரிடம் கொடுங்கள். பழைய வண்டியை நீட்டிவிட்டு ஒவ்வொரு எஃப்.சி.க்கும் (தகுதிச் சான்றுக்கும்) பிரேக் இன்ஸ்பெக்டரிடம் விளக்கம் சொல்வதைவிட அது மலிவு.