பிரெடிக்டட் கிரேட் குறைவாக வந்தால் என்ன செய்யலாம்? கொன்டெக்ஸ்சுவல் ஓஃபர் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா?

கேட்டவர் லண்டனில் இருக்கும் ஒரு தாய். மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய இரண்டு வருட ஏ லெவல் படிப்பில் முதல் வருடமான 12ஆம் ஆண்டை முடித்துவிட்டாள். பள்ளி ‘ஏ, பி, பி’ என்று பிரெடிக்டட் கிரேட் (இறுதிப் பரீட்சையில் எடுப்பாள் என்று ஆசிரியர்கள் கணிக்கும் கிரேட்) கொடுத்திருக்கிறது, அவள் விரும்பும் படிப்புக்கு ‘ஏ, ஏ, ஏ’ வேண்டும். ஆசிரியரிடம் போய்க் கூட்டிப் போடச் சொல்லலாமா, சூழலைப் பார்த்துக் குறைந்த கிரேட்டுக்கு இடம் தருகிற கொன்டெக்ஸ்சுவல் ஓஃபர் என்கிறார்களே அது எங்களுக்கும் உண்டா என்று கேட்கிறார்.

நான் இங்கே ஒரு அரசுப் பள்ளியின் சிக்ஸ்த் ஃபோர்மில் (12, 13ஆம் ஆண்டு) கணிதம் படிப்பிக்கிறேன். இந்தக் கிரேட்டைப் போடுகிறவர்களில் நானும் ஒருவன்.

முதலில் அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். 2015இல் தொடங்கிய மாற்றத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் ஏ லெவல் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு இறுதிப் பரீட்சையில்தான் தீர்மானமாகிறது. ஆகவே விண்ணப்பிக்கும் நேரத்தில் எங்கள் கையில் இருப்பவை 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ முடிவுகள், வகுப்புச் சோதனைகள், 12ஆம் ஆண்டு முடிவில் வைக்கும் மொக் (மாதிரி) பரீட்சை, அவ்வளவுதான். பல பிள்ளைகள் அந்த மொக்கை விளையாட்டாக எடுக்கிறார்கள். பெற்றோரும் ‘உண்மையான பரீட்சை அடுத்த வருசம்தானே’ என்று விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களை வாங்கும் யூகாஸின் படிவத்தில் போகிற கிரேட்டுக்கு அதுதான் பெரிய ஆதாரம் என்று யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

ஆசிரியர்கள் பொதுவாகக் கூட்டித்தான் போடுகிறோம். லண்டன் யூசிஎல் கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த கில் வைனஸ் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிறந்த மூன்று பாடங்களுக்கும் சேர்த்துக் கணிப்புச் சரியாக அமைந்தது 16 சதவீதத்தினருக்கு மட்டும். 75 சதவீதத்தினர் கணித்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள். மீதி 9 சதவீதத்தினரைத்தான் பள்ளிகள் குறைத்து மதிப்பிட்டிருந்தன. கவனிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு: ‘ஏ, ஏ, பி’ அல்லது அதற்கு மேல் எடுத்த கெட்டிக்காரப் பிள்ளைகளில், வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கணிப்பு குறைவாகவே போயிருந்தது. முடிவு வந்தபிறகு விண்ணப்பிக்கும் முறைக்கு மாறலாமா என்று அரசும் 2021இல் கருத்துக் கேட்டது, அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அந்த யோசனையைக் கைவிட்டுவிட்டது. எனக்கு அதில் இன்னும் மனக்குறைதான்.

சரி, போய்க் கேட்கலாமா? கேளுங்கள், ஆனால் ‘ஏ போடுங்கோ’ என்று கேட்காதீர்கள். ‘எந்த மதிப்பெண்ணை வைத்து பி போட்டீர்கள், எதைக் காட்டினால் மாற்றுவீர்கள்’ என்று கேளுங்கள். அதையும் மகளே போய்க் கேட்பது நல்லது. சில பள்ளிகள் செப்டம்பரில் இன்னொரு சோதனை வைக்கும். ஒக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு ஒக்டோபர் 15 கடைசி நாள். மற்றப் பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் இருக்கிறது, அதற்குள் வருகிற விண்ணப்பங்களைச் சமமாகப் பார்க்கவேண்டும் என்பது விதி. பள்ளி உள்ளுக்குள் வைக்கும் கெடு வேறு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அழுத்தம் கொடுத்து வாங்கிய கிரேட்டால் ஓஃபர் வரும். ஓகஸ்டில் அதே ‘ஏ, ஏ, ஏ’யை எடுக்கவேண்டியது பிள்ளைதான். எடுக்காவிட்டால் கிளியரிங்கில், அதாவது மிஞ்சிய இடங்களைத் தேடும் கட்டத்தில், ஃபோனும் கையுமாக இருக்கவேண்டும்.

கொன்டெக்ஸ்சுவல் ஓஃபருக்கு வருவோம். பிள்ளை படித்த சூழலைக் கணக்கில் எடுத்து, வழக்கமான நிபந்தனையிலிருந்து ஒன்றோ இரண்டோ கிரேட் குறைத்துக் கொடுப்பது இது. டேரம், பிரிஸ்டல் பல்கலைக்கழகங்கள் பல படிப்புகளுக்கு இரண்டு கிரேட் வரை குறைக்கின்றன. அப்படியானால் ‘ஏ, ஏ, ஏ’ கேட்கும் படிப்பு உங்கள் மகளுக்கு ‘ஏ, பி, பி’ ஆகிவிடலாம். ஒக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் சூழலைப் பார்ப்பார்கள், ஆனால் கேட்கும் கிரேட்டைப் பொதுவாகக் குறைப்பதில்லை.

தகுதியை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தீர்மானிக்கும். வீட்டுப் போஸ்ட்கோட், பள்ளியின் சராசரி முடிவுகள், இலவசப் பள்ளி உணவு, அகதி நிலை, கவுன்சில் பராமரிப்பில் வளர்ந்தது போன்றவற்றைப் பார்ப்பார்கள். லண்டன்காரருக்குப் போஸ்ட்கோட் பெரும்பாலும் கைகொடுக்காது. போலார் என்ற அளவீடு, ஒரு பகுதியிலிருந்து எத்தனை இளையோர் பல்கலைக்கழகம் போகிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறது. ஈஸ்ட் ஹாம் பக்கம் வருமானம் குறைவாக இருந்தாலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கப் போய்விடுகிறார்கள், ஆகவே அந்தக் கணக்கில் அது வசதியான இடம்போலத் தெரியும்.

அதனால்தான் இலவச உணவுப் பதிவு முக்கியம். வருமானத் தகுதி இருந்தும் எங்கள் ஆட்கள் பலர் பதிவதில்லை. ‘பிள்ளை வீட்டுச் சாப்பாடுதானே கொண்டுபோகிறாள்’ என்பார்கள், உள்ளே கொஞ்சம் வெட்கமும் இருக்கும். பிள்ளை அங்கே சாப்பிடவேண்டியதில்லை, பதிவு இருந்தால் போதும். லண்டன் ஆரம்பப் பள்ளிகளில் எல்லோருக்கும் கொடுக்கும் இலவச உணவு இதில் சேராது. வருமானத்தை வைத்துக் கிடைப்பதுதான் கணக்கு.

குடும்பத்தில் முதல் பட்டதாரியா என்பதையும் சில இடங்களில் பார்ப்பார்கள். தகப்பன் யாழ்ப்பாணத்தில் பட்டம் எடுத்துவிட்டு இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் வேலை செய்தாலும் அவர் பட்டதாரிதான், உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

கொன்டெக்ஸ்சுவல் ஓஃபரைப் பற்றிச் சொன்னால் சில அப்பாமார் முகம் சுளிப்பார்கள். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவரைப் பாதித்த 1970களின் தரப்படுத்தல் நினைவு அது, எனக்குப் புரிகிறது. இலங்கையில் இன்றும் பெரும்பாலான துறைகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இங்கே இனத்துக்கோ மாவட்டத்துக்கோ அப்படி இடம் பிரித்து வைப்பதில்லை. பட்டச் சான்றிதழிலும் எந்த ஓஃபரில் வந்தாள் என்று போடமாட்டார்கள். ‘ஏ, பி, பி’ கேட்டால் ‘ஏ, ஏ, ஏ’ எடுக்கக்கூடாது என்று யாரும் மறிக்கவும் இல்லை.

உங்கள் இடத்தில் நான் என்றால், யூகாஸில் உள்ள ஐந்து தெரிவுகளில் இரண்டை ‘ஏ, ஏ, ஏ’ கேட்கிற, ஆனால் மகள் கொன்டெக்ஸ்சுவலுக்குத் தகுதிபெறும் இடங்களுக்குக் கொடுப்பேன். இரண்டு ‘ஏ, பி, பி’ அளவில். ஒன்று ‘பி, பி, பி’ அல்லது அதற்குக் கீழே, அதுவும் அவள் உண்மையில் போக விரும்பும் இடமாக. பிறகு இன்ஷூரன்ஸ் தெரிவாக, அதாவது முதல் தெரிவு தவறினால் போகும் இடமாக, அதுதான் நிற்கும். முந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் என்ன கிரேட் எடுத்தார்கள் என்பதை யூகாஸ் தளத்தில் பல படிப்புகளுக்கு இப்போது காட்டுகிறார்கள். விளம்பரத்தில் கேட்பதைவிடக் குறைவாக எடுத்தவர்களும் சேர்ந்திருப்பது அதில் தெரியும்.

தகுதி உண்டா என்று சந்தேகம் இருந்தால் அட்மிஷன்ஸ் பகுதிக்கு மகளே மின்னஞ்சல் போடட்டும், பதில் தருவார்கள். பெரும்பாலும் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை, சில இடங்களில் மட்டும் தனிப் படிவம் உண்டு. அப்புறம், அவள் விரும்புவது மருத்துவம் என்றால் தனிக் கேள்வியாகப் போடுங்கள். அதற்கு நாலு தெரிவுதான், யூகேட் என்ற நுழைவுப் பரீட்சையும் சேர்ந்துவிடும், நான் மேலே சொன்ன பங்கீடு பொருந்தாது.