பிளாக் மெட்டல் கேள்வி பதில்: இரைச்சலுக்குள் எதைக் கேட்பது?

பிளாக் மெட்டல் என்பது அலறும் குரலும் கரகரத்த கிட்டாரும் கொண்ட, ஹெவி மெட்டலின் கடுமையான ஒரு கிளை. அதைப் பற்றி ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். ஆல்பம் பெயர்களைத் தமிழில் எழுதியிருப்பதால் தேடும்போது எழுத்துக்கூட்டல் இடிக்கலாம். பேண்டின் பெயரையும் ஆண்டையும் சேர்த்துப் போட்டால் வந்துவிடும்.

அண்ணா, நான் அயர்ன் மெய்டன், மெட்டாலிகா கேட்டு வளர்ந்தவன். பிளாக் மெட்டல் போட்டால் பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற மாதிரி இருக்கிறது. இதில் எதைத்தான் கேட்பது?

டிரம்ஸை விட்டுவிட்டு கிட்டாரைப் பிடியுங்கள். மெட்டாலிகாவில் உள்ளங்கையால் கம்பியை அமுக்கி, வெட்டி வெட்டி வாசிப்பார்கள், அதனால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழும். இங்கே கம்பியை அமுக்காமல் திறந்துவிட்டு, ஒரே ஸ்வரத்தை நிற்காமல் வேகமாக மீட்டுவார்கள். அந்த மீட்டலெல்லாம் கலந்து ஒரு நீண்ட ஒலியாகிவிடும், அதன்மேல் மெட்டு மிக மெதுவாக நகரும். கை வேகம், பாட்டு நிதானம். இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

நார்வேயின் டார்க்த்ரோன் பேண்டின் 'ட்ரான்ஸில்வேனியன் ஹங்கர்' (1994) இதற்குச் சரியான உதாரணம். அதன் டிரம்மர் ஃபென்ரிஸ் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, வீட்டில் நான்கு டிராக் கருவியில் பதிவு செய்தார். நாக்டர்னோ கல்டோ குரல் மட்டும் கொடுத்தார். டிரம்ஸ் கிட்டத்தட்ட மாறவே மாறாது, மாறாமல் இருப்பதுதான் அதன் வேலை. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவைத்துக் கேட்டுப் பாருங்கள், மெட்டு மேலே வரும்.

ஆனால் மெய்டன் ரசிகர் அங்கே தொடங்க வேண்டாம். டிஸ்ஸெக்ஷனின் 'ஸ்டார்ம் ஆஃப் தி லைட்ஸ் பேன்' (1995) கேளுங்கள், இரட்டை கிட்டார் மெட்டுகள் உங்களுக்குப் பழக்கமான ஊர். அப்புறம் எம்பெரரின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' (1994), கீபோர்டு பின்னால் மலைபோல நிற்கும். டார்க்த்ரோன் மூன்றாவதாக வரட்டும்.

பதிவு இவ்வளவு மோசமாக இருப்பது பணம் இல்லாததாலா, வேண்டுமென்றேவா?

முதலில் பணம் இல்லை. பிறகு வேண்டுமென்றேதான். டார்க்த்ரோனின் கதையிலேயே இது தெரியும். அவர்களின் முதல் ஆல்பம் (1991) ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவான, கச்சிதமான டெத் மெட்டல் (உறுமும் குரலோடு வரும் இன்னொரு கடும் மெட்டல் வகை). அடுத்ததாக 'எ பிளேஸ் இன் தி நார்தர்ன் ஸ்கை' (1992) பதிவைக் கொடுத்தபோது பீஸ்வில் என்ற லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) அதிர்ந்துபோய் மறுபடி மிக்ஸ் பண்ணச் சொன்னது. முடியாது, வேண்டாமென்றால் மேஹெம் என்ற நார்வே பேண்டின் கிட்டார்க்காரர் யூரோனிமஸ் நடத்தும் லேபிளில் வெளியிட்டுக்கொள்கிறோம் என்றார்கள் இவர்கள். கடைசியில் பீஸ்வில்தான் இறங்கிவந்தது.

நார்வேயின் வர்க் விகெர்னெஸ் தனியாளாக நடத்திய பர்ஸமின் 'ஃபிலோசோஃபெம்' இன்னும் ஒருபடி மேலே. 1993-இல் பதிவாகி 1996-இல் வந்தது. இருப்பதிலேயே மட்டமான மைக்கைக் கேட்டு, ஒரு ஹெட்செட் மைக்கில் பாடி, கிட்டாரை வீட்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வழியாக ஓட்டியிருக்கிறார். அந்தக் கரகரப்பு இல்லாமல் அந்த ஆல்பத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது.

அதற்காக மோசமான ஒலிதான் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெர்கன் நகரின் கிரீக்ஹாலன் சிம்ஃபனி இசைக்குக் கட்டிய அரங்கு. மேஹெம், எம்பெரர், இம்மார்ட்டல், என்ஸ்லேவ்ட் என்ற நார்வே பேண்டுக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் பிட்டன் என்ற தயாரிப்பாளரிடம் போனார்கள். அந்த ஆல்பங்களில் பெரிய அறையின் ஆழம் கேட்கும். இப்போது சிலர் நல்ல கணினியில் பதிவு செய்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளால் அதைக் கெடுக்கிறார்கள். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு, சொத்தை என்றால் எந்தக் கரகரப்பும் அதைக் காப்பாற்றாது.

இது நார்வேக்காரர்கள் கண்டுபிடித்ததுதானே?

பாதிதான் உண்மை. பெயர் இங்கிலாந்தின் நியூகாசிலிலிருந்து வந்த வெனம் பேண்டின் 1982 ஆல்பத் தலைப்பு, ஆனால் அவர்கள் இசை வேகமான ராக் வாசித்த மோட்டர்ஹெட் பேண்டுக்குப் பக்கத்து வீடு. ஒலியைக் கொடுத்தது சுவீடனின் பாத்தரி: 1984-இல் முதல் ஆல்பம், 1987-இல் 'அண்டர் தி சைன் ஆஃப் தி பிளாக் மார்க்'. அந்த 1987 ஆல்பத்தைக் கேட்டால் பின்னால் நார்வேயில் நடந்தது எல்லாம் அதற்குள் விதையாகக் கிடப்பது தெரியும். சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹேமர், செல்டிக் ஃப்ராஸ்ட், டென்மார்க்கில் முகத்தில் சாயம் பூசிப் பாடிய கிங் டைமண்ட், பிரேசிலின் சார்கோஃபேகோ என்று எல்லோருக்கும் பங்கு உண்டு. ஹங்கேரியின் டார்மென்டர் பேண்டில் பாடிய அட்டிலா சிஹார்தான் பிறகு மேஹெமின் 'டே மிஸ்டீரிஸ் டோம் சாத்தானாஸ்' (1994) ஆல்பத்தில் பாடினார். தபாலில் கேசட் மாற்றிக்கொண்ட காலம் அது. நார்வேக்காரர்கள் இதையெல்லாம் சேர்த்து, இறுக்கி, ஒரு கொள்கையாக ஆக்கினார்கள்.

தோழர், அந்தக் கொள்கை என்ன? உண்மையிலேயே சாத்தானைக் கும்பிடுகிறார்களா, சும்மா வேஷமா? 'ட்ரூ' (அசல்), 'ட்ரூ இல்லை' என்று ஏன் இவ்வளவு சண்டை?

ஆளுக்கு ஆள் மாறும். வெனமுக்கு அது மேடைக் கூத்து. யூரோனிமஸ் தீமை ஒன்று உண்டு, அதற்குப் பணிய வேண்டும் என்று பேசியவர். அமெரிக்காவின் சாத்தான் சபையை ரொம்ப மனிதநேயமாக இருக்கிறது என்று ஒதுக்கினார், அவ்வளவு தூரம். என்ஸ்லேவ்டுக்கு சாத்தானே தேவைப்படவில்லை, பழைய நார்ஸ் புராணம் போதும். இம்மார்ட்டல் பிளாஷிர்க் என்று ஒரு பனி ராஜ்ஜியத்தைத் தாங்களே கற்பனை செய்து அதைப் பற்றியே ஆல்பம் ஆல்பமாகப் பாடினார்கள். உல்வரின் 'பெர்க்டாட்' (1995) மலைக்குள் இழுத்துச் செல்லப்படும் பெண்ணின் நாட்டார் கதை.

அப்படியானால் பொதுவானது எது? என் கணக்கில், கேட்பவரை மகிழ்விக்க மறுப்பதுதான். 1990 வாக்கில் டெத் மெட்டல் பேண்டுகள் டிராக் சூட்டும் ஸ்னீக்கரும் போட்டுக்கொண்டு, சமூகப் பிரச்சினைகளைப் பாடிக்கொண்டு, நல்ல பையன்களாக மேடையேறியது யூரோனிமஸுக்கு எரிச்சலாக இருந்தது. அதற்கு எதிர்வினைதான் பிணம்போல வெள்ளை கறுப்புப் பூச்சு, ஆணி அடித்த கைப்பட்டை, படிக்கவே முடியாத லோகோ எல்லாம். கூட்டம் வேண்டாம், பாராட்டு வேண்டாம், புரிய வேண்டாம். அதனால்தான் யாராவது கொஞ்சம் பிரபலமானால் உடனே 'ட்ரூ இல்லை' என்று கிளம்பிவிடுகிறார்கள்.

அதை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாரையும்விட 'ட்ரூ' என்று கொண்டாடப்படும் ஃபென்ரிஸ், பூனையைக் கையில் வைத்துக்கொண்டு தயவுசெய்து எனக்கு ஓட்டுப் போடாதீர்கள் என்று போஸ்டர் அடித்து, அப்படியும் ஜெயித்து, தன் ஊர் மன்றத்தில் மாற்று உறுப்பினர் ஆனவர். 2016-இல் இது பெரிய செய்தியாக ஓடியது.

சார், என் மகனுக்கு 16 வயது, இந்த இசைதான் கேட்கிறான். தேவாலயங்களை எரித்தார்கள், கொலை செய்தார்கள் என்று படித்தேன். கவலையாக இருக்கிறது.

நீங்கள் படித்தது உண்மைதான், மழுப்ப மாட்டேன். 1992 ஜூன் 6 அன்று பெர்கனுக்குப் பக்கத்தில் 12-ஆம் நூற்றாண்டின் ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது, தொடர்ந்து வேறு சிலவும். அதே ஆண்டு லில்லஹேமரில் எம்பெரரின் டிரம்மர் ஒருவரைக் குத்திக் கொன்றார். 1993 ஆகஸ்ட் 10 அன்று பர்ஸமின் வர்க் விகெர்னெஸ் யூரோனிமஸைக் கொன்றார். அந்தக் கொலைக்கும் தேவாலயங்களை எரித்ததற்குமாக 21 ஆண்டு தண்டனை. 2009-இல் வெளியே வந்தார். ஃபான்டாஃப்ட் வழக்கில் மட்டும் அவர் விடுவிக்கப்பட்டார். இதைச் செய்தவர்கள் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதுக்காரர்கள், ஒருவரை ஒருவர் மிஞ்சிக் காட்டவேண்டும் என்ற போட்டியில் இருந்த ஒரு சின்ன வட்டம். இதை வீரக்கதையாகச் சொல்லும் ரசிகர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இந்த இசையைக் கேட்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஹெட்போனோடு ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் சாதுக்கள். சாத்தான் படத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு: இனவெறியை வெளிப்படையாகப் பாடும் நாஜி பேண்டுகள் இந்த வகையில் இருக்கின்றன. அவன் எந்த பேண்டுகளைக் கேட்கிறான், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று அவனிடமே கேளுங்கள். ஆர்வமாகக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவான்.

அப்படியானால் பர்ஸம் கேட்கலாமா, கூடாதா?

இசை முக்கியமானது, ஆள் மோசம். அவருடைய இனவாதப் பேச்சு ஒளிவுமறைவு இல்லாதது. வரலாறு புரிய 'ஃபிலோசோஃபெம்' கேளுங்கள், காசு அவருக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இது என் வழக்கம். அதுவும் வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களோடு நான் வாதாட மாட்டேன். பாட்டிலேயே இனவெறி இருக்கும் பேண்டுகளை நான் தொடுவதே இல்லை, அதை ஈடுகட்டும் அளவுக்கு அவற்றில் இசையும் இல்லை.

ப்ரோ, டெஃப்ஹெவன் பிளாக் மெட்டலா?

ஆமாம். இந்த அமெரிக்க பேண்ட் ஆல்பத்துக்கு ரோஜா நிற அட்டை போட்டால் இல்லையென்று ஆகிவிடாது. 'சன்பேதர்' (2013) பிடித்திருந்தால் பின்னோக்கி பிரான்ஸின் அல்செஸ்ட், அமெரிக்காவின் வீக்லிங் என்று போங்கள்.

யூடியூப் திரும்பத் திரும்ப அதே பத்து பேண்டைத்தான் காட்டுகிறது. புதிதாக எப்படிக் கண்டுபிடிப்பது?

அல்காரிதத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பின்தொடருங்கள். மெட்டல் ஆர்கைவ்ஸ் என்ற தளம் 2002-லிருந்து இருக்கிறது. ஒரு பேண்டின் பக்கத்தில் யார் வாசித்தார்கள், அவர்கள் வேறு எங்கே வாசிக்கிறார்கள், எந்த லேபிள் எல்லாம் இருக்கும். பிடித்த ஆல்பத்தின் டிரம்மருடைய மற்ற பேண்டுகள், அந்த லேபிளின் அதே ஆண்டு வெளியீடுகள், இப்படி இரண்டு கிளிக்கில் நீங்கள் கேள்விப்படாத இடத்துக்குப் போய்விடலாம். நாடு வாரியாகவும் தேடலாம். அப்புறம் பேண்டுகளே இசையை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் முழு ஆல்பமாகக் கேளுங்கள். ஒற்றைப் பாட்டாகக் கேட்டால் இந்த இசை பாதி செத்துவிடும்.

எனக்குத் தனிப் பிரியம் கிரீஸ்மேல். ராட்டிங் கிரைஸ்ட், வராத்ரான் இரண்டும் 1993-இல் முதல் ஆல்பம் போட்டவை. நார்வேயின் குளிர் அதில் கிடையாது. நடுத்தர வேகம், ஹெவி மெட்டல் வாசனை, ஒரு வெதுவெதுப்பு. நெக்ரோமான்டியா ரிதம் கிட்டாருக்குப் பதிலாக இரண்டு பேஸ் கிட்டார் வைத்துச் செய்தவர்கள், கேட்டால் நம்ப மாட்டீர்கள். பின்லாந்து என்றால் பெஹெரிட், அது வேறு கிரகம். போலந்தின் ம்க்வாவும் ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்டிடௌதியும் இந்த நூற்றாண்டுக்கு. ஜப்பானின் சை பேண்டின் முதல் ஆல்பத்தை யூரோனிமஸின் லேபிள்தான் 1993-இல் வெளியிட்டது, அதையும் விடாதீர்கள்.

நம் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?

சிங்கப்பூரின் ருத்ரா, 1992-இலிருந்து. சிங்கப்பூர் இந்தியர்கள், தங்கள் இசைக்கு வேத மெட்டல் என்று பெயர் வைத்தார்கள். டெத் மெட்டலும் பிளாக் மெட்டலும் கலந்தது, சமஸ்கிருத மந்திரங்கள் வரும். 'பிரம்மவித்யா' (2005) ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். இலங்கையிலிருந்து ஜெனோசைட் ஷ்ரைன்ஸ், செர்பென்ட்ஸ் அதர்ஸ்ட். இவை மிகக் கரடுமுரடான வகை, முதல் வாரத்தில் வேண்டாம்.

நானும் அப்படிக் கத்திப் பாடிப் பழகுகிறேன், இரண்டு பாட்டிலேயே தொண்டை கட்டிவிடுகிறது. போகப் போகப் பழகிவிடுமா?

பழகாது, கெடும். வலிக்கிறது என்றால் முறை தப்பு. தொண்டையை இறுக்கிக் கத்தாமல், வயிற்றிலிருந்து மூச்சைச் சீராக விட்டு, சத்தத்தைக் குறைவாகவே வைத்துப் பழகுங்கள். ஆல்பத்தில் கேட்கும் அந்த அலறலுக்குப் பின்னால் மைக்கும் எதிரொலியும் நிறைய வேலை செய்கின்றன, நீங்கள் நினைக்கிற அளவு சத்தம் தேவைப்படாது. கட்டிய தொண்டையோடு தொடராதீர்கள், ஒரு வாரம் தாண்டியும் குரல் சரியாகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.