ஆறு மலையைக் குறுக்கே வெட்டுவது தவறில்லை

வணக்கம். இமயமலை வரைபடத்தில் சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா மூன்றும் மலைக்கு வடக்கே பிறந்து தெற்கே வருகின்றனவே, தப்பாக வரைந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை, அழித்துவிடாதீர்கள்.

நீர் மேட்டில் ஏறாதுதான். ஆனால் இந்த ஆறுகள் மலை இவ்வளவு உயர்வதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவை. இந்தியத் தட்டு (இந்தியாவைத் தாங்கி நகரும் பூமியின் மேலோட்டுப் பாளம்) ஆசியாவை முட்டி நிலம் மெல்ல எழ எழ, ஆறும் ரம்பம்போலக் கீழே அறுத்துக்கொண்டே போனது. மேற்கே சிந்து நங்க பர்வதச் சிகரத்தையும் கிழக்கே பிரம்மபுத்திரா நம்சா பர்வா சிகரத்தையும் வளைத்துத் திரும்புகின்றன. சுமார் 2,400 கி.மீ. நீளத் தொடரின் இரண்டு முனைகள் அந்தச் சிகரங்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் 8,167 மீட்டர் தவுளகிரி, மறுபக்கம் 8,091 மீட்டர் அன்னபூர்ணா, நடுவே அந்தச் சிகரங்களைவிட 5,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் ஆறு! சாளக்கிராமம் கிடைப்பதும் இங்கேதான். அந்தக் கருங்கல்லுக்குள் தெரியும் சுருள், இமயமலை எழும் முன் அங்கே இருந்த தேத்திஸ் கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டு உயிரியின் ஓடு.

சரி, உங்கள் படத்துக்கு: சிகரங்களை இணைக்கும் கோட்டை ஆறு கடக்கும் இடங்களில் இடைவெளி விட்டு வரையுங்கள். அப்புறம், நீர்ப்பிரிப்புக் கோடு (மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பிரிக்கும் கோடு) பல இடங்களில் சிகரங்களுக்கும் வடக்கே, திபெத் பக்கம் போகிறது. அதைத் தனியாகப் புள்ளிக்கோட்டில் போடுங்கள்.