உறைபனியில் கிறிஸ்துமஸ் காஸ்ப்ளே: நீலகிரியில் படமெடுக்க வருவோரின் கேள்விகள்

அனிமே எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களின் கதாபாத்திரங்களைப்போல் உடையணிந்து (இதுவே காஸ்ப்ளே) நீலகிரியில் கிறிஸ்துமஸ் படங்கள் எடுக்க விரும்பும் அன்பர்களின் கேள்விகளுக்கு, உதகையில் ஒளிப்படத் தொழிலில் இருக்கும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி (திருப்பூர்): டிசம்பர் 24, 25 ஆகிய தேதிகளில் ஊட்டியில் பனி பொழியுமா?

பதில்: பொழியாது. இங்கே கிடைப்பது உறைபனி மட்டுமே. பகலெல்லாம் வெயில் வாங்கிய நிலம், மேகமும் காற்றும் இல்லாத இரவில் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து பூஜ்யம் டிகிரியை ஒட்டிக் குளிரும்போது, காற்றிலுள்ள ஈரம் புல்லிலும் இலையிலும் படிகமாகப் படிகிறது. வானிலிருந்து பனி விழ வேண்டுமானால் மேகம் வேண்டும். இங்கோ மேகம் மூடிய இரவுகளில் தரையின் வெப்பம் எளிதில் வெளியேறாததால் குளிர் குறைந்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் இறுதி வரை நீளும் ஆண்டுகளில், கிறிஸ்துமஸ் வாரத்தில் உறைபனியைக்கூட நம்ப முடியாது. தேதியில் பிடிவாதம் இல்லையென்றால் ஜனவரி முதல் பாதியில் வாருங்கள். படத்தைப் பார்ப்பவருக்கு அது எந்த நாள் என்று தெரியப் போவதில்லை.

கேள்வி (ஈரோடு): தொட்டபெட்டாதானே மிக உயரம்? அங்கேதானே பனி அதிகம் இருக்கும்?

பதில்: பலரும் அப்படி நினைத்துத்தான் விடியற்காலையில் அங்கே ஏறிச் சென்று ஏமாறுகிறார்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம் என்பது உண்மைதான்; ஆனால் குளிர்ந்த காற்று கனமானது என்பதால், சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே தலைக்குந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானச் சுற்றுப்புறம், காமராஜ் சாகர் அணையோரம் போன்ற தாழ்வான புல்வெளிகளில்தான் வெண்மை அடர்த்தியாக இருக்கும். கொடைக்கானலிலும் ஏரியை ஒட்டிய தாழ்நிலங்களையே பாருங்கள். சரியான இடம் தேட எளிய வழி ஒன்று உண்டு: எந்தப் பகுதியில் உறைபனியால் தேயிலை முதலில் கருகுகிறது என்று உள்ளூர்த் தோட்டக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு நட்டம் தரும் அந்த இடமே உங்களுக்கு வேண்டிய இடம். அதனால் கேட்கும்போது கொஞ்சம் பணிவாகக் கேட்பது நல்லது. தனியார் நிலமாக இருந்தால் உரிமையாளரிடமும், வனத்துறை நிலமாக இருந்தால் அத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி பெற்றுவிடுங்கள்.

கேள்வி (குன்னூர்): எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும்?

பதில்: டிசம்பர் இறுதியில் இங்கே ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கிறது. வெயில் நேராக விழுந்த சிறிது நேரத்தில் வெண்மை கரையத் தொடங்கிவிடும் என்பதால், ஒப்பனையையும் விக்கையும் விடுதியிலேயே முடித்துக்கொண்டு ஆறு மணிக்குள் இடத்தில் நில்லுங்கள். கிழக்கே மேடோ மரக்கூட்டமோ இருக்கும் பள்ளமாகப் பார்த்து வைத்தால், நிழல் நீடிக்கும் வரை கூடுதல் நேரம் கிடைக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உறைபனி படிந்த புல்லை மிதித்தால் நொறுநொறுவென்று உடைந்து, செருப்பின் வடிவத்திலேயே பச்சைத் தடம் தெரியும்; அந்தத் தடம் அன்றைக்கு மூடாது. ஆகவே குழுவினர் அனைவரும் ஒரே பக்கமாக நின்று, அகலமான காட்சிகளை முதலில் எடுத்துவிட்டு, நெருக்கப் படங்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இருள் பிரியாத வேளையில் காட்டுமாடும் கரடியும் நடமாடும். தனியாக ஒருவரும் போக வேண்டாம்.

கேள்வி (கல்லூரி மாணவர், கோவை): அண்ணா, நான் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் நாயகன் டான்ஜிரோ வேடம் போடுகிறேன். அதோடு கிறிஸ்துமஸ் தொப்பி அணியலாமா?

பதில்: அணியலாம், ஆனால் எனக்குப் பிடிக்காது. பச்சையும் கறுப்புமான அந்தக் கட்டம் போட்ட ஹவோரியும் (ஜப்பானிய மேலங்கி) காதணியும்தான் அவரை அடையாளம் காட்டுகின்றன. தொப்பி வந்தால் கண் அங்கே போய்விடும். முதுகில் சுமக்கும் மரப்பெட்டியில் ஒரு சிவப்பு ரிப்பனும் சிறிய ஊசியிலைக் கொத்தும் கட்டினால் பண்டிகையும் வந்துவிடும், பாத்திரமும் கெடாது. உறைபனியில் மண்டியிட்டால் துணியின் ஓரம் நனைந்து கறுத்துத் தெரியும் என்பதால், மண்டியிடும் காட்சியை இறுதியில் எடுங்கள்.

கேள்வி (மதுரை): பனி விழுவதுபோல் காட்டத் தெர்மக்கோல் உருண்டைகளைத் தூவலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ள மாவட்டம் இது. தடையே இல்லாவிட்டாலும், புல்வெளியில் சிதறிய உருண்டைகளை யாராலும் பொறுக்கி எடுக்க முடியாது. விழும் பனியைக் கணினியில் சேர்ப்பதே மேல். வெள்ளைத் துகள் வெள்ளைப் பின்னணியில் தெரியாது. ஆகவே படமெடுக்கும்போதே பின்னால் பைன் மரங்களின் கருத்த அடித்தண்டுகள் வருமாறு நிற்க வையுங்கள். கேமராவுக்கு அருகில் இருப்பதுபோல் பெரிதாக, மங்கலாகச் சில துகள்களையும் சேர்த்தால் நம்பும்படி இருக்கும்.

கேள்வி (சேலம்): கேமராவில் என்ன மாற்ற வேண்டும்?

பதில்: வெண்மை நிறைந்த காட்சியைக் கேமரா சாம்பலாக்கப் பார்க்கும், எனவே எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, அரை முதல் ஒரு ஸ்டாப் (அதன் அளவுப் படி) வரை கூட்டுங்கள். விடியல் நிழலில் எல்லாம் நீலம் பாய்ந்திருக்கும். அந்த நீலத்தை முழுவதும் நீக்கிவிடாமல், பேட்டரியில் எரியும் மஞ்சள் சீரியல் விளக்கை முகத்தருகே பிடித்தால் கிறிஸ்துமஸ் இரவின் சாயல் தானாக வரும். குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். மாற்றுப் பேட்டரியை உடலோடு ஒட்டிய பையில் வையுங்கள். அறைக்குத் திரும்புமுன் கேமராவைக் காற்றுப்புகாத பையில் மூடிவிட்டால் லென்ஸில் ஈரம் பூக்காது.

கேள்வி (சென்னை): பள்ளிச் சீருடைப் பாத்திரம், குட்டைப் பாவாடை. குளிரைத் தாங்க முடியுமா?

பதில்: தோல் நிறத்தில் உள்ளே கம்பளி வைத்த காலுறைகள் கிடைக்கின்றன, படத்தில் தெரியாது. ஒவ்வொரு காட்சிக்கும் இடையில் போர்வை கொடுக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள். உதடு நீலம் பாய்ந்தால் ஒப்பனையால் மறைக்க முயலாமல் வண்டிக்குள் உட்கார வையுங்கள்.

ஜப்பானில் கிறிஸ்துமஸ் அரசு விடுமுறை அல்ல. அங்கே அது விளக்கலங்காரம் பார்க்கவும், ஸ்ட்ராபெர்ரி வைத்த வெள்ளை கேக் சாப்பிடவுமான மாலை. எனவே சீருடைப் பாத்திரத்தின் கையில் பரிசுப் பொட்டலத்தைவிடக் கேக் பெட்டியும் சிவப்பு மஃப்ளரும் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி (கோத்தகிரி): ஊட்டியிலுள்ள புனித ஸ்டீபன் ஆலயத்தின் முன் எடுக்கலாமா?

பதில்: ஆலய நிர்வாகத்திடம் கேட்டு, ஆராதனை இல்லாத நேரத்தில் எடுங்கள். வாள், துப்பாக்கி போன்ற பொருள்களை வண்டியிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): வண்டிக்கு இ-பாஸ் வேண்டுமா?

பதில்: வேண்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது நடைமுறையில் உள்ளது. இணையத்தில் பதிவுசெய்து, புறப்படும் முன்பே கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.