உறைபனியில் நடுங்கும் காவல் நாய்: முதலில் சாக்கைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: ஐயா, ஊட்டி பக்கம் கேத்திப் பள்ளத்தாக்கில் முக்கால் ஏக்கரில் கேரட்டும் கொஞ்சம் பூண்டும் போட்டிருக்கிறோம். காட்டுப்பன்றி வருகிறது என்று ஓடையோரக் கொட்டகையில் இரண்டு நாட்டு நாய்களைக் கட்டி வைத்திருக்கிறோம். ஒரு வாரமாக உறைபனி. ஒரு நாயின் பெயர் மணி, ஒன்பது வயது. காலையில் நடுங்குகிறது, பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது. இன்னொரு நாய் வெள்ளச்சி பத்து நாளைக்கு முன் ஐந்து குட்டி போட்டது. இரண்டு குட்டிகள் விடியற்காலையில் விறைத்துக் கிடந்தன. கொட்டகைக்குள் கரிச்சட்டி வைக்கலாமா? மணிக்கு வீட்டில் இருக்கும் வலி மாத்திரை, குட்டிகளுக்கு ஒரு சொட்டு பிராந்தி கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: கரிச்சட்டி வேண்டாம், மாத்திரை வேண்டாம், பிராந்தி வேண்டவே வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன் அம்மா. முதலில் மிச்சமிருக்கும் மூன்று குட்டிகளையும் தாயோடு வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். இன்று இரவே.

பிறந்து ஒரு வாரம்வரை நாய்க்குட்டிக்கு நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது. மூன்று, நான்கு வாரம்வரை தாயின் சூடுதான் அதற்கு அடுப்பு. இரவில் தாயை விட்டு இரண்டடி விலகிப்போனால் போதும், உடம்பு குளிர்ந்து பால் குடிக்கும் தெம்பு போய்விடும். குளிர்ந்துபோன குட்டியைத் தாயே ஒதுக்கிவிடுவதும் உண்டு. வெள்ளச்சியைக் குறை சொல்லாதீர்கள்.

இனி ஒரு குட்டி சில்லிட்டுக் கிடந்தால் உடனே வாயில் பால் ஊற்றக் கூடாது. குளிர்ந்த குடலில் பால் செரிக்காது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது. துடைத்து, உங்கள் ஸ்வெட்டருக்குள் மார்போடு அணைத்து வைத்திருங்கள். வாய்க்குள் விரல் விட்டால் வெதுவெதுப்பு தெரிந்த பிறகு, அதாவது அரைமணி, ஒருமணி நேரம் கழித்து, தாயிடம் விடலாம். குட்டிகள் படுக்கும் பெட்டியில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கமாக மட்டும் வையுங்கள். சூடு தாங்காவிட்டால் மறுபக்கம் நகர்ந்துபோக இடம் வேண்டும்.

மணி விஷயத்துக்கு வருகிறேன். அது படுக்கும் சாக்கை விடியற்காலையில் தொட்டுப் பாருங்கள். கேரட் மூட்டை கட்டும் சாக்குதானே? ஈரமாகத்தான் இருக்கும். நாய் விடும் மூச்சு, தரையின் ஈரம் எல்லாவற்றையும் சாக்கு குடித்துக்கொள்ளும். நம் நாட்டு நாய் காய்ந்த குளிரை ஓரளவு தாங்கும். ஈரத்தோடு சேர்ந்த குளிரைத் தாங்காது. இன்னொன்றும் சந்தேகப்படுகிறேன். பனி கருக்காமல் இருக்க வெயில் ஏறுமுன் கேரட்டுக்கு ஸ்பிரிங்ளர் போடுவீர்கள். மணியும் பின்னாலேயே வந்து நனைந்துவிட்டு அதே சாக்கில் போய்ப் படுக்கும். அந்த ஒரு மணி நேரம் அதை வீட்டில் அடைத்து வையுங்கள். நனைந்தால் தோல்வரை துவட்டிவிடுங்கள்.

சாக்குக்குப் பதில் வைக்கோல். நம் மலையில் நெல் இல்லைதான். மாட்டுக்காக மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவருபவர்களிடம் ஒரு கட்டு கேட்டு வாங்குங்கள். கம்பளியைவிட அது மேல். நாய் அதற்குள் குழி பறித்துச் சுருண்டுகொள்ளும், உள்ளே நிற்கும் காற்று சூட்டைப் பிடித்துவைக்கும். பிளாஸ்டிக் காய்கறிப் பெட்டிகளைக் கவிழ்த்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் வைக்கோல் பரப்புங்கள். கூண்டு நாய் நின்று திரும்பும் அளவு இருந்தால் போதும். பெரிய கொட்டகையை ஒரு நாயின் உடம்புச் சூடு நிரப்பாது.

ஓடையோரமும் சரியான இடம் இல்லை. மேகமும் காற்றும் இல்லாத இரவில் குளிர்ந்த காற்று தண்ணீர்போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் கேரட்டிலேயே பார்த்திருப்பீர்கள், கீழ்ப்பாத்திதான் முதலில் கருகும். கூண்டை மேலே, வீட்டுத் திண்ணைக்கு மாற்றி, இரவில் கதவைச் சாத்துங்கள். தோட்டத்தில் சங்கிலியில் கட்டிய நாய் பன்றியை விரட்டவும் முடியாது, சிறுத்தை வந்தால் ஓடவும் முடியாது. நம் பக்கம் எத்தனை வீட்டில் காலையில் வெறும் சங்கிலி மட்டும் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும். பன்றிக்கு வேலிதான் வழி. அதைத் தனியாகக் கேளுங்கள், எழுதுகிறேன்.

கால் தாங்குவது பெரும்பாலும் வயதான மூட்டு. வெயில் ஏறி நடக்க நடக்கச் சரியாகிறதா என்று கவனியுங்கள். நாள் முழுக்கத் தாங்கினால் வேறு காரணம் பார்க்க வேண்டும். மனிதருக்கான இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமாலும் அளவு மீறினால் விஷம். போகிற போக்கில் ஒன்று: கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாட்டின் பிணத்தைத் தின்றே பாறுக் கழுகுகள் அழிந்தன. மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சம் இருப்பவை சொற்பம். மணிக்கான மருந்தை எடை பார்த்து மருத்துவர் தருவார்.

பிராந்தி தோலின் ரத்தக்குழாய்களை விரித்து இருக்கிற சூட்டையும் வெளியே விட்டுவிடும். குட்டிக்கு அது நஞ்சு. மூடிய இடத்தில் கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. நாய் மட்டுமல்ல, பக்கத்தில் படுத்த மனிதரும் எழுந்திருக்க மாட்டார்.

தீனியில் மணிக்கு வழக்கத்தைவிடக் கால் பங்கு கூட்டுங்கள். பால் கொடுக்கும் வெள்ளச்சிக்கு இரண்டு, மூன்று மடங்கு தேவை: ராகிக் களி, சோறு, முட்டை, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கறி. காலையில் குடிக்க வெதுவெதுப்பான தண்ணீர்.

மருந்துக்கடையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி, நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். பெரிய நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சரியான அளவு. 99-க்குக் கீழே போனாலோ, நடுக்கம் நின்று நாய் தள்ளாடினாலோ, போர்த்திச் சூடேற்றிக்கொண்டே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். நடுக்கம் நின்றால் தேறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. 103-க்கு மேல் போய், கண்ணிலும் மூக்கிலும் சீழ்போல வடிந்தால் அது பனி அல்ல, நாய்க்கு நாய் தொற்றும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அப்படியென்றால் மணியைக் குட்டிகளின் பக்கமே விடாதீர்கள். குட்டிகளுக்கு அதற்கான தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். இன்றைக்கே காலண்டரில் குறித்துவையுங்கள்.